அயலில் ஒரு புனர்வாழ்வு இல்லம்: அயலவரின் அச்சம் எதுவரை நியாயம்?

'புனர்வாழ்வு' என்பது எமக்கு நன்கு பழகிய சொல். வீட்டையும் வயலையும் விட்டு வந்தவர்களுக்கு அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் செய்கின்ற உதவிகளுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இதே சொல்லை வேறு சிலருக்கும் நாம் பயன்படுத்துகிறோம். குடிப்பழக்கத்திலிருந்தும் போதைப்பொருளிலிருந்தும் மீண்டு வருகிறவர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள், நீண்ட நாள் நோயிலிருந்து எழும்புகிறவர்கள் ஆகியோர் சில காலம் தங்கி வாழ்க்கையைத் திரும்பப் பழகும் இடத்தையும் புனர்வாழ்வு இல்லம் என்றே சொல்கிறோம்.

இந்த இரு சாராருக்கும் பொதுவான அனுபவம் ஒன்று உண்டு. "இந்தக் காணியில் அவர்களைக் கொண்டுவந்து இருத்தப் போகிறார்களாம்" என்ற கதை வந்தவுடன் அயலில் உள்ளவர்கள் கூடிப் பேசத் தொடங்குவார்கள். கிணறு வற்றிவிடும், களவு கூடும், பெண் பிள்ளைகள் ஒழுங்கையால் போய்வர முடியாது, காணி விலை விழுந்துவிடும் என்பார்கள். முகாம்களிலும் நலன்புரி நிலையங்களிலும் இருந்த எம்மில் பலர் இந்தப் பேச்சை வேலிக்கு மறுபக்கத்தில் நின்று கேட்டிருக்கிறோம். மீளக் குடியமர்ந்து நாமும் ஊரவர்கள் ஆன பின்னர், வேறு யாரையோ இருத்தக் கூடாது என்ற மகஜரில் கையெழுத்து வைக்கும்படி எம்மிடமும் ஒரு நாள் கேட்கலாம்.

அயலில் என்ன வருகிறது என்பது பற்றிப் பேச அயலவருக்கு உரிமை உண்டா? நிச்சயமாக உண்டு. அவர்கள் விரும்பவில்லை என்பது மட்டும் ஒரு காரியத்தைத் தடுக்கப் போதுமா? இந்தக் கேள்வி அமெரிக்காவின் பல ஊர்களில் எழுந்து நீதிமன்றங்கள் வரை சென்றுள்ளது. அங்கு நடந்த மூன்று வழக்குகளை இங்கே விளக்குகிறோம். தேசம் வேறு, சட்டம் வேறு. ஆனாலும் அங்குள்ள மக்கள் சொன்ன காரணங்களும், அந்தக் காரணங்களை நீதிபதிகள் நிறுத்துப் பார்த்த முறையும் எமக்கும் பயன்படக் கூடியவை.

வலயம் என்றால் என்ன?

எமது ஊர்களில் வயற்காணி வேறு, மேட்டுக்காணி வேறு. வயலை நிரப்பி வீடு கட்டுவதென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தன் சொந்தக் காணியானாலும் நினைத்தபடி செய்ய முடியாது. ஒருவர் வயலை நிரப்பினால் பக்கத்து வயலின் தண்ணீர் ஓட்டமும் கெடக் கூடும்.

அமெரிக்க நகரங்களில் இந்த எண்ணம் இன்னும் விரிவாக உள்ளது. நகரசபை ஊரைப் பல வலயங்களாகப் பிரித்து, இந்த வலயத்தில் தனி வீடுகள், அந்த வலயத்தில் மாடி வீடுகள், அப்பால் கடைகள், அதற்கும் அப்பால் தொழிற்சாலைகள் என்று வரைபடம் போட்டு வைத்திருக்கும். நியூயோர்க் நகரம் 1916ஆம் ஆண்டில் முழு நகரத்துக்கும் இப்படி ஒரு சட்டம் செய்தது. இப்படிப் பிரிப்பது செல்லும் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1926ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த பிறகு இந்த முறை நாடெங்கும் பரவியது.

ஒரு வலயத்தில் ஒன்றைத் தொடங்குவதற்கு மூன்று வழிகள் உள்ளன. அந்த வலயத்துக்கு உரியதென்று சட்டத்திலேயே இருந்தால் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. சில காரியங்களுக்கு நகரசபையிடம் விசேட அனுமதி பெற வேண்டும். அதற்கு முன் அயலவருக்கு அறிவித்தல் கொடுத்துப் பகிரங்க விசாரணை நடத்துவார்கள். சட்டத்தில் இடமே இல்லை என்றால் வலய விதியையே மாற்றும்படி கேட்க வேண்டும். புனர்வாழ்வு இல்லங்கள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வழிகளிலேயே அகப்பட்டுக்கொள்கின்றன. மண்டபம் நிறைய மக்கள் வந்து எதிர்ப்பதும் அப்போதுதான்.

வலய விதி காணியைப் பற்றியது. புகை, இரைச்சல், கழிவுநீர், வாகன நெருக்கடி, கட்டடத்தின் உயரம் ஆகியவற்றை அது கவனிக்கலாம். அங்கே இருக்கப் போகிறவர் யார், எப்படிப்பட்டவர் என்று அது கேட்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. நாம் பார்க்கப் போகும் மூன்று வழக்குகளும் இந்த இடத்தில் எழுந்தவையே.

முதலாவது: கிளீபேர்ன் நகரம்

கிளீபேர்ன் என்பது டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஒரு சிறிய நகரம். 1980ஆம் ஆண்டு அங்கே ஒரு வீட்டை வாங்கி, மனவளர்ச்சி குன்றிய ஆண்களும் பெண்களுமாக 13 பேர் வாழும் இல்லமாக நடத்தத் திட்டமிட்டார்கள். வீட்டில் நான்கு படுக்கையறைகள் இருந்தன. இரவும் பகலும் பணியாளர்கள் கூடவே இருந்து கவனிப்பது என்பது ஏற்பாடு.

அந்த வீடு மாடி வீடுகளுக்கான வலயத்தில் இருந்தது. அந்த வலயத்தில் வாடகை விடுதி, மாணவர் விடுதி, வைத்தியசாலை, முதியோர் இல்லம் ஆகியவற்றுக்கு விசேட அனுமதி தேவையில்லை. ஆனால் மனநோயாளர், அறிவு மந்தமானவர், குடிக்கும் போதைக்கும் அடிமையானவர் ஆகியோருக்கான வைத்தியசாலைகளுக்கும் சிறைக்கூடங்களுக்கும் மட்டும் விசேட அனுமதி வேண்டும் என்று நகரச் சட்டம் சொன்னது. இந்த இல்லமும் அந்தப் பட்டியலில் அடங்கும் என்று நகரசபை முடிவு செய்தது. அந்த அனுமதியையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் 200 அடிக்குள் காணி வைத்திருப்பவர்களின் கையெழுத்துகளையும் வாங்கி வர வேண்டும்.

பகிரங்க விசாரணை நடந்தது. சபை ஒன்றுக்கு மூன்று என்ற வாக்கில் அனுமதி மறுத்தது. வழக்கு நீதிமன்றங்களில் ஏறி, 1985ஆம் ஆண்டு யூலை மாதம் 1ஆம் திகதி உயர் நீதிமன்றத்தில் தீர்ந்தது. நகரசபை சொன்ன காரணங்களை நீதிபதிகள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள்.

200 அடிக்குள் இருப்போரில் பெரும்பாலானோர் விரும்பவில்லை, முதியவர்கள் பயப்படுகிறார்கள் என்பது முதற் காரணம். ஆதாரமில்லாத பயமும் வெறுப்பும் வலயச் சட்டத்துக்கு உரிய காரணங்கள் ஆகா என்றது நீதிமன்றம்.

எதிரே ஒரு பாடசாலை உண்டு, அதன் மாணவர்கள் இந்த இல்லத்தவரைக் கேலி செய்து தொந்தரவு செய்யக் கூடும் என்பது இன்னொரு காரணம். அதே பாடசாலையிலேயே மனவளர்ச்சி குன்றிய மாணவர் 30 பேர்வரை படித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காணி 500 ஆண்டுகளுக்கு ஒரு தடவை வெள்ளம் வரக்கூடிய தாழ்ந்த நிலத்தில் உள்ளது என்பது அடுத்த காரணம். கேட்கும்போது இது நியாயமாகவே படுகிறது. ஆனால் அதே நிலத்தில் முதியோர் இல்லமோ வைத்தியசாலையோ கட்டுவதற்கு நகரம் தடை சொல்லவில்லை. வெள்ளம் வந்தால் படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும் அதே ஆபத்துத்தானே?

ஒரே வீட்டில் 13 பேர் அதிகம் என்பதும் ஒரு காரணம். வேறு 13 பேர் அதே வீட்டில் இருப்பதென்றால் விசேட அனுமதி கேட்கப்பட்டிருக்காது.

ஒவ்வொரு காரணத்தையும் உரித்துப் பார்த்தபோது கடைசியில் மிஞ்சியது ஒன்றே. அங்கே வரப்போகிறவர்கள் மனவளர்ச்சி குன்றியவர்கள் என்பதே அது. ஆகவே இந்த இல்லத்துக்கு விசேட அனுமதி கேட்டது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. தனி மனிதருடைய மனதில் வெறுப்பு இருப்பதைச் சட்டம் தடுக்க முடியாது. ஆனால் அந்த வெறுப்புக்குச் சட்டம் கைகொடுக்கவும் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இதை எமது வழக்கில் சொல்வதானால், ஒரு குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்களின் கூட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். எப்போது விதைப்பது, எத்தனை நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் திறப்பது என்று பெரும்பான்மையாகத் தீர்மானிக்கிறோம். அந்தத் தீர்மானம் எல்லோரையும் கட்டுப்படுத்தும். ஆனால் ஒருவரை எமக்குப் பிடிக்காது என்பதற்காக அவருடைய வாய்க்காலை மட்டும் அடைத்துவிடும்படி கைதூக்கித் தீர்மானிக்க முடியுமா? எத்தனை கைகள் உயர்ந்தாலும் அது நியாயமாகாது.

இரண்டாவது: எட்மண்ட்ஸ் நகரம்

எட்மண்ட்ஸ் அமெரிக்காவின் மேற்குக் கரையில், வாஷிங்டன் மாநிலத்தில் உள்ளது. 1990ஆம் ஆண்டு அங்கே தனி வீடுகளுக்கான வலயத்தில் ஓர் 'ஒக்ஸ்போர்ட் இல்லம்' தொடங்கப்பட்டது. குடியையும் போதையையும் விட்டு மீண்டு வரும் 10 முதல் 12 பேர் வரை அதில் வாழ்ந்தார்கள்.

ஒக்ஸ்போர்ட் இல்லம் என்பது என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். 1975ஆம் ஆண்டில் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் மதுவை விட்டவர்களுக்கான ஒரு விடுதியைப் பணமில்லாமல் மூட இருந்தார்கள். அங்கே தங்கியிருந்தவர்கள் சேர்ந்து அந்த வீட்டைத் தாங்களே வாடகைக்கு எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். இதை முன்னின்று தொடங்கியவர் போல் மொலோய் என்பவர். அங்கே சம்பளத்துக்கு மேற்பார்வையாளர் இல்லை. இருப்பவர்களே தங்களுக்குள் தலைவரையும் பொருளாளரையும் தெரிவு செய்கிறார்கள். வேலைக்குப் போய் உழைத்து, வாடகையையும் மின்சாரக் கட்டணத்தையும் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். யாராவது திரும்பக் குடித்தாலோ போதைப்பொருள் எடுத்தாலோ உடனே வெளியேற வேண்டும் என்பது மாறாத விதி. 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஒவ்வொரு மாநிலமும் 100,000 டொலர் சுழற்சி நிதி வைத்து, இப்படியான வீடு தொடங்குவோருக்கு 4,000 டொலர் வரை கடன் கொடுக்க வழி செய்தது. எமது சங்கங்களின் சுழற்சிக் கடனைப் போன்றதே இதுவும்.

எட்மண்ட்ஸ் நகரச் சட்டம் தனி வீட்டு வலயத்தில் ஒரு குடும்பம்தான் இருக்கலாம் என்றது. குடும்பம் என்றால் யார்? இரத்த உறவு, திருமணம், தத்து ஆகியவற்றால் உறவானவர்கள் எத்தனை பேரும் இருக்கலாம். உறவில்லாதவர்கள் என்றால் ஐந்து பேருக்கு மேல் கூடாது. இந்த விதியை மீறியதாக வீட்டின் உரிமையாளர் மீதும் அங்கிருந்த ஒருவர் மீதும் நகரம் வழக்குப் போட்டது. எட்டுப் பேராவது இல்லாவிட்டால் வாடகையைச் சமாளிக்க முடியாது, ஒருவருக்கு ஒருவர் துணையாக இருக்கவும் முடியாது, ஆகவே விதியில் சற்று விட்டுக்கொடுங்கள் என்று இல்லத்தவர்கள் கேட்டார்கள். நகரம் மறுத்தது. இப்படியான இல்லங்களை மாடி வீட்டு வலயத்திலும் வர்த்தக வலயத்திலும் வைக்கலாம் என்று மட்டும் விதியை மாற்றியது.

அங்கவீனமுற்றோருக்கு வீட்டு விடயத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அமெரிக்கக் கொங்கிரஸ் 1988ஆம் ஆண்டில் சட்டம் திருத்தியிருந்தது. போதையிலிருந்து மீண்டு வருகிறவர்களையும் அந்தச் சட்டம் காக்கிறது. இப்போதும் போதைப்பொருள் பாவிப்பவரை அது காப்பதில்லை. ஒரு வீட்டில் ஆகக்கூடியது எத்தனை பேர் இருக்கலாம் என்ற நெரிசல் விதிகளுக்கு அச்சட்டத்தில் விலக்கு இருந்தது. எமது விதியும் நெரிசல் விதிதான் என்று எட்மண்ட்ஸ் வாதாடியது.

1995ஆம் ஆண்டு மே மாதம் உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அதை ஏற்க மறுத்தது. காரணம் எளிது. நெரிசலைத் தடுப்பதற்கான விதி என்றால், அது தலையை எண்ண வேண்டும், உறவை எண்ணக் கூடாது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் 12 பேர் அந்த வீட்டில் இருந்தால் நகரம் ஒன்றும் கேட்காது. உறவில்லாத ஆறு பேர் இருந்தால் மட்டும் நெரிசல் என்கிறது. அறையின் பரப்புக்கு இத்தனை பேர் என்று எல்லோருக்கும் பொதுவாக விதி செய்திருந்தால் அது வேறு விடயம்.

இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். எந்த இல்லத்தையும் எங்கேயும் வைக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நகரத்தின் விதியும் சட்டத்தின் சோதனைக்கு உட்பட்டதே என்று மட்டும் சொல்லி, மீதியைத் தீர்க்கக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது.

மூன்றாவது: அன்டியொக் நகரம்

இங்கே வலய விதியையே மாற்றினார்கள். கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு மெதடோன் சிகிச்சை நிலையம் இருந்தது. மெதடோன் என்பது ஹெரோயினுக்கு அடிமையானவர்களுக்கு வைத்தியர் மேற்பார்வையில் அளவாகக் கொடுக்கும் மருந்து. ஹெரோயின் மீதுள்ள தவிப்பை அது அடக்குவதால், நோயாளி வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்க்க முடிகிறது. பலர் நாள்தோறும் நிலையத்துக்கு வந்து மருந்தை எடுத்துப் போவார்கள்.

பல ஆண்டுகளாக இருந்த இடத்தைக் காலி செய்ய நேர்ந்தபோது, அந்த நிலையம் அன்டியொக் என்ற பக்கத்து நகரத்தில் இடம் பார்த்தது. அந்த இடம் அன்றிருந்த விதிப்படி பொருத்தமானதே. ஆனால் செய்தி பரவி எதிர்ப்பு எழுந்ததும் நகரசபை அவசரச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. குடியிருப்புகளுக்கு 500 அடிக்குள் மெதடோன் நிலையங்கள் இருக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். வேறு எந்த வைத்திய நிலையத்துக்கும் அப்படியொரு தடை இல்லை.

1999ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைப் பார்த்தது. அங்கவீனமுற்றோரைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் 1973, 1990ஆம் ஆண்டுச் சட்டங்கள் வலய விதிகளையும் கட்டுப்படுத்தும் என்று அது சொன்னது. ஒரு வகை நோயாளரை மட்டும் பிரித்து ஒதுக்கும் சட்டம் முகத்திலேயே பாகுபாடானது என்றும் கூறியது. அவர்களை விலக்க வேண்டுமானால், அயலவருக்குக் கணிசமான ஆபத்து உண்டு என்றும், நியாயமான மாற்றங்கள் செய்தும் அதைக் குறைக்க முடியாது என்றும் காட்ட வேண்டும். ஊகமும் பயமும் அதற்குப் போதா. பென்சில்வேனியா மாநிலத்திலும் இதே மாதிரி ஒரு 500 அடிச் சட்டம் இருந்தது. அதுவும் செல்லாது என்று 2007ஆம் ஆண்டில் இன்னொரு மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஏன் ஊருக்குள்ளேயே வைக்க வேண்டும்?

"நல்ல காரியம்தான், ஆனால் ஊருக்கு வெளியே வைக்கலாமே" என்று பலர் சொல்வார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் இந்த இல்லங்களின் நோக்கமே சாதாரண வாழ்க்கையைத் திரும்பப் பழகுவது. வேலைக்குப் போக பஸ் வேண்டும், சாமான் வாங்கக் கடை வேண்டும், காலை வணக்கம் சொல்ல அயலவர் வேண்டும். காட்டுக்குள் பத்து மாதம் இருந்து திருந்தியவர் ஊருக்குத் திரும்பி வந்த முதல் மாலையே பழைய கூட்டாளிகளைச் சந்திக்கிறார். ஊருக்குள் இருந்துகொண்டே குடிக்காமல் இருக்க அவர் பழகவே இல்லை.

அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். சிகிச்சை முடிந்த 150 பேரில் ஒரு பகுதியினரை ஒக்ஸ்போர்ட் இல்லங்களிலும் மற்றவர்களை வழமையான முறையிலும் விட்டார்கள். யார் எங்கே போவது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத் தெரிவு செய்தார்கள். இரண்டு ஆண்டுகளின் பின் பார்த்தபோது, இல்லத்துக்குப் போனவர்களில் 31.3 வீதமானோரே திரும்பவும் போதைப் பழக்கத்தில் இருந்தார்கள். மற்றவர்களில் அது 64.8 வீதமாக இருந்தது. இந்த முடிவு 2006ஆம் ஆண்டில் வெளியானது. ஆகவே இப்படியொரு இல்லத்தைத் துரத்திவிடும் ஊர் ஆபத்தைத் துரத்துவதாக நினைக்கிறது. உண்மையில் குடிகாரர் எங்கேயும் போவதில்லை. அவர் தன் பழைய வீட்டில், பழைய பழக்கத்தோடு இருக்கிறார்.

அயலவர் சொல்வது சரியாக இருந்த இடங்களும் உண்டு

எதிர்ப்பவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர் என்று நாம் சொல்ல வரவில்லை. 2010களில் புளோரிடா மாநிலத்தின் டெல்ரே பீச் என்ற கரையோர நகரத்தில் போதையை விட்டவர்களுக்கான வீடுகள் ஏராளமாகப் பெருகின. சில வீதிகளில் அவை அடுக்கடுக்காக வந்தன. சில வீட்டு உரிமையாளர்கள் சிகிச்சை நிலையங்களிடம் தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை அனுப்பினார்கள். காப்புறுதிப் பணத்துக்காகத் தேவையில்லாத சிறுநீர்ப் பரிசோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். ஒருவர் திரும்பப் போதையில் விழுந்தால் சிகிச்சை மறுபடி தொடங்கும், பணமும் மறுபடி வரும். இதனால் உயிர்களும் போயின.

அங்கே அயலவர் எழுப்பிய குரலில் உண்மை இருந்தது. 2016ஆம் ஆண்டில் அந்தப் பகுதிக்கென ஒரு விசேட புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. பலர் கைது செய்யப்பட்டார்கள். ஆட்களைப் பணத்துக்கு அனுப்புவதைத் தடுக்கும் சட்டம் 2017ஆம் ஆண்டில் இறுக்கப்பட்டது. நோயாளிகளை வைத்துப் பிழைத்தவர்களைச் சட்டம் பிடித்ததே தவிர, நோயாளி ஊருக்குள் வாழ்வதைக் குற்றமாக்கவில்லை.

காணி விலை விழும் என்ற பயத்தையும் பார்ப்போம். மனவளர்ச்சி குன்றியோர் போன்றவர்கள் வாழும் சிறிய இல்லங்களால் அயற்காணியின் விலை விழுகிறதா என்று அமெரிக்காவில் பல ஆய்வுகள் நடந்துள்ளன. பெரும்பாலானவற்றில் அப்படி வீழ்ச்சி காணப்படவில்லை. போதைச் சிகிச்சை நிலையங்களைப் பற்றிய ஆய்வுகளின் முடிவுகள் ஒரே மாதிரியாக இல்லை. ஒரு சிறிய வீட்டுக்கும் பெரிய நிலையத்துக்கும், ஒழுங்காக நடத்தப்படும் இடத்துக்கும் கவனிப்பாரற்ற இடத்துக்கும் வேறுபாடு இருக்கத்தானே செய்யும்?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சிகாகோ நகரின் டிபோல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒக்ஸ்போர்ட் இல்லங்களுக்கு அடுத்த வீட்டாரையும் சற்றுத் தள்ளி இருப்பவர்களையும் விசாரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களே அந்த இல்லங்களைப் பற்றி நல்லவிதமாகப் பேசினார்கள். தூரத்தில் இருந்து நினைக்கும்போது பெரிதாகத் தெரியும் பயம், வேலிக்கு மேலால் முகம் பார்த்துப் பழகும்போது சிறுத்துவிடுகிறது.

கையெழுத்து வைக்கும் முன்

எமது ஊரில் இப்படியொரு இல்லம் வரப்போவதாக அறிந்தால், பிரதேச சபைக்கோ கிராம சேவையாளருக்கோ மகஜர் கொடுக்கும் முன் கீழ்வரும் கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

1. நாம் சொல்லும் காரணம் எல்லோருக்கும் பொருந்துமா? தண்ணீர் போதாது என்கிறோம் என்றால், அதே காணியில் மாணவர் விடுதியோ முதியோர் இல்லமோ வந்தாலும் தண்ணீர் போதாது என்று சொல்வோமா? சொல்ல மாட்டோம் என்றால் எமது கவலை தண்ணீரைப் பற்றியது அன்று.

2. நாம் கண்டதா, கேள்விப்பட்டதா? களவு கூடும் என்பவரிடம், எங்கே கூடியது, எப்போது கூடியது என்று கேட்க வேண்டும். இதே போன்ற இல்லம் நடக்கும் ஓர் ஊருக்கு இரண்டு மூன்று பேர் நேரில் போய் அதன் அயலவரிடம் விசாரித்து வரலாம்.

3. நடத்துபவர் யார்? பதிவு உண்டா? இரவில் பொறுப்பாக நிற்பவர் யார்? பணம் எங்கிருந்து வருகிறது? திரும்பவும் போதையில் விழுந்தவரை என்ன செய்வார்கள், அவர் எங்கே போவார்? இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்ல முடியாதவரை நம்ப வேண்டியதில்லை.

4. எமது கவலையை நிபந்தனையாக எழுத முடியுமா? இத்தனை பேருக்கு மேல் கூடாது, மலசலகூடக் குழிக்கும் அயல் கிணறுகளுக்கும் இடையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் தூரம் இருக்க வேண்டும், மாதம் ஒரு தடவை ஊரவரோடு இருந்து பேச வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கவலை எதையும் இப்படி எழுதிவிட முடியும். 'அவர்கள் வேண்டாம்' என்பதை மட்டும் எந்த நிபந்தனையாகவும் எழுத முடியாது.

5. வரப்போகிறவர்களின் குரலைக் கேட்டோமா? பகிரங்கக் கூட்டங்களில் நடத்துபவர் பேசுவார், ஊரவர் பேசுவார்கள். அங்கே இருக்கப் போகிறவர் பெரும்பாலும் பேசுவதில்லை. தம்மைப் பற்றி மற்றவர்கள் கூடித் தீர்மானிக்க, வெளியே நின்று முடிவுக்குக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்பதை இடம்பெயர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இல்லத்தைத் தொடங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரவோடு இரவாகத் தளபாடங்களை இறக்கிவிட்டுக் காலையில் பெயர்ப்பலகை மாட்டுவது அயலவரின் சந்தேகத்தை வளர்க்கும். முதலில் அடுத்த வீடுகளுக்குப் போங்கள். மண்டபத்தில் நூறு பேருக்கு முன் கேட்கத் தயங்கும் கேள்விகளை ஒரு தாய் தன் வீட்டு விறாந்தையில் இருந்து கேட்பாள். அங்கே உண்மையைச் சொன்னால், கூட்டம் நடக்கும் நாளில் அவளே எழும்பி உங்களுக்காகப் பேசக் கூடும்.

அயலவரின் விருப்பத்தைக் கேட்பது நல்ல வழக்கம். காரணத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்தக் காரணம் காணியைப் பற்றியதா, கிணற்றைப் பற்றியதா, வீதியைப் பற்றியதா என்று பார்க்க வேண்டும். அவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்திய பின்னரும் எதிர்ப்பு நிற்குமானால், அது ஆளைப் பற்றியது. ஆளைப் பிடிக்காது என்பதைக் காரணமாக ஏற்றுக்கொள்ளும் ஊரில், நாளைக்குப் பிடிக்காதவர் யார் என்று எவராலும் சொல்ல முடியாது.